அத்தியாயம் 7: கையைக் கடிக்காத தோட்டம்

தாம்பரத்தை அடுத்த ஒரு தெருவில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் புது வீடு கட்டிக் குடிபோனார். வீட்டின் முன்னும் பக்கவாட்டிலுமாக 400 சதுர அடி காலி இடம். கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரமே இரண்டு பேரை வரச் சொல்லி, தோட்டம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

முதலில் வந்தவர் கைபேசியில் படங்களைக் காட்டினார். இடம் முழுக்கக் கொரியன் புல், நடுவில் வெள்ளைக் கூழாங்கல், சுவரோரம் வரிசையாக அலங்காரப் பனை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலையைச் சொல்லி, பாதி அட்வான்ஸ் கொடுத்தால் நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம் என்றார்.

இரண்டாவதாக வந்தவர் கையில் கடப்பாரை இருந்தது. விலை எதையும் அவர் சொல்லவில்லை. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஓர் இடத்தில் கடப்பாரையை இறக்கினார். அரை அடி ஆழத்திலேயே 'ணங்'கென்று சத்தம் கேட்டது. குனிந்து கையால் கிளறி எடுத்து வெளியே போட்டார். செங்கல் துண்டு, இறுகிப்போன சிமெண்ட் கட்டி, டைல்ஸ் சில்லு, பெயின்ட் டப்பா மூடி ஒன்று.

"மேல கொஞ்சம் செம்மண்ணப் போட்டு மூடியிருக்காங்க டீச்சரம்மா. கீழ பூரா ரப்பீஸ். இதுல எத வச்சாலும் ஆறு மாசம்தான்."

"அப்ப என்ன தம்பி செய்யிறது?"

"தண்ணி எங்கேருந்து வருது, வெயில் எங்க விழுதுன்னு முதல்ல சொல்லுங்க. செடியப் பத்தி அப்புறம் பேசுவோம்."

வேலை இந்த இரண்டாமவருக்குப் போனது. படம் காட்டியவர் கேட்டதைவிடக் குறைந்த செலவில் தோட்டமும் முடிந்தது. கூலியில் அடித்துப் பேசியதால் அந்தக் குறைவு வரவில்லை. எது தேவை, எது தேவையில்லை என்பது மண்ணைத் தோண்டிப் பார்த்ததால் தெரிந்தது. தேவையற்ற வேலைகள் கணக்கிலிருந்தே விழுந்துபோயின. இந்த அத்தியாயம் முழுவதும் சொல்ல வருவது இதைத்தான். தோட்ட வேலையில் பணம் மிச்சமாகும் இடம் பேரம் அல்ல, முன்கூட்டிய அளவும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதும்தான்.

ஆளைக் கூப்பிடும் முன்

தோட்டக்காரர் வாசலுக்கு வரும்போது வீட்டுக்காரர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் இடத்தின் நீள அகலம், வாசல் எந்தத் திசை, கழிவுநீர்த் தொட்டியின் மூடிகள், மழைநீர் சேகரிப்புக் குழி, தரைக்கடியில் ஓடும் குழாய்கள், எர்த்திங் குழி ஆகிய எல்லாம் தோராயமாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் அழகுக்காகப் புல் பாவும்போது முதலில் மண்ணுக்குள் மறைவது அந்தக் குழியின் மூடிதான். அடுத்த ஐப்பசி மழையில் முற்றம் குளமான பிறகுதான் பலருக்கும் அது நினைவுக்கு வருகிறது.

வெயிலையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது மணி, உச்சி, மாலை நான்கு மணி என மூன்று வேளை இடத்தைச் சுற்றி வந்து, வெயில் விழும் பகுதியைத் தாளில் கோடு போட்டுக் காட்டினால் போதும். காய்கறிக்கும் பழமரத்துக்கும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். பக்கத்து வீட்டு மாடி நிழல் நாள் முழுக்க விழும் இடத்தில் கத்தரியும் தக்காளியும் வைத்துக் கொடுப்பவர், அடுத்த முறையும் செடி விற்க வழி செய்துகொள்கிறார்.

மூன்றாவது தண்ணீர். கோடையில் கிணறோ போரோ எந்த மாதத்தில் வற்றும், தண்ணீர் உப்பா நல்ல தண்ணீரா என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் எந்தத் தோட்டத்தையும் திட்டமிட முடியாது.

யாருக்கு எந்த வேலை

'லேண்ட்ஸ்கேப்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குரிய வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதில்தான் வீண் செலவு தொடங்குகிறது.

முதலாமவர் நாள் கூலிக்கு வருபவர். மம்பட்டி, கடப்பாரை, பாண்டு வைத்து மண் வெட்டுவது, குழி எடுப்பது, ரப்பீஸ் அள்ளுவது இவர் வேலை. இரண்டாமவர் தோட்டக்காரர். நடவு, கவாத்து, உரம், பூச்சி பார்ப்பது எல்லாம் தெரிந்தவர். நான்கைந்து வீடுகளுக்கு முறை வைத்துப் போய்வருவார். மூன்றாமவர் நர்சரிக்காரர். செடியையும் கொடுத்து, நட்டுத் தர ஆளையும் அனுப்புவார். நான்காமவர் முழு கான்ட்ராக்ட் எடுப்பவர். பேவர் பிளாக், சொட்டுநீர்க் குழாய், விளக்கு, புல்தரை எல்லாவற்றையும் சேர்த்து முடித்துக் கொடுப்பார்.

அரை கிரவுண்டுக்குக் குறைவான இடத்துக்கு நான்காமவர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. டீச்சரம்மாவின் வீட்டில் வேலை மூன்றாகப் பிரிந்தது. மண் வேலைக்கு இரண்டு நாள் கூலியாட்கள் இருவர். நடைபாதைக் கல் பதிக்க, வீடு கட்டிய கொத்தனாரே ஒரு நாள் வந்தார். நடவுக்கும் பராமரிப்புக்கும் கடப்பாரைக்காரர். மண்ணையும் எருவையும் செடியையும் வீட்டுக்காரரே வாங்கினார். இதை 'லேபர் மட்டும்' என்பார்கள். கொஞ்சம் அலைச்சல் உண்டு. ஆனால் பொருளின் மேல் வைக்கும் லாபம் வீட்டுக்காரரிடமே நிற்கும்; என்ன மண் வருகிறது, என்ன செடி வருகிறது என்பதும் கண்ணெதிரே இருக்கும்.

மேட்டிலிருந்து சரியும் மனை, தாங்கு சுவர், மாடியில் கனமான மண் பரப்பு போன்றவை இருந்தால் கதை வேறு. மாடியில் ஈரமண்ணின் எடை கட்டடத்தின் பலத்தைச் சார்ந்த விஷயம். பொறியாளரைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. அங்கே மிச்சம் பிடிப்பது ஆபத்து.

நல்ல ஆளைக் கண்டுபிடிக்கும் வழி

விளம்பரத்தைவிட நம்பத் தகுந்த சாட்சி அதே தெருவில் இருக்கிறது. நடந்து போகும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு தோட்டம் தென்பட்டால், கதவைத் தட்டி யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். செடி வளர்ப்பவர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் வேலை பார்க்கும் தோட்டக்காரர்கள் பலர், மதியத்துக்கு மேல் தனி வீடுகளுக்கும் வருவார்கள். பக்கத்து நர்சரியில் சொல்லி வைத்தாலும் ஆள் கிடைக்கும். ஆனால் அவர் அந்த நர்சரிச் செடியையே வாங்கச் சொல்லலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்து கொடுத்த தோட்டங்களில் இரண்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவசியம். நட்டு ஒரு மாதமே ஆன தோட்டம் எதையும் சொல்லாது. இரண்டு வருடம் ஆன தோட்டத்தை, முடிந்தால் கத்திரி வெயில் நேரத்தில், போய்ப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் பச்சையாக நிற்கும் தோட்டத்தின் ஆளுக்கு வேலை தெரியும்.

அவர் கேட்கும் கேள்விகளையும் கவனிக்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டா என்று கேட்பவர், அரளியை விளையாடும் இடத்தில் வைக்கமாட்டார். அரளியின் இலை, பூ, வேர் எல்லாமே விஷம். நாய் உண்டா, வீட்டில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள், ஊருக்குப் போனால் எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்றெல்லாம் கேட்பவர், செடி பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறார்.

மண்ணிலேயே பாதிச் செலவு

கட்டுமானக் கழிவு கலந்த மண்ணில் சுண்ணாம்பும் சிமெண்டும் சேர்ந்து காரத்தன்மை ஏறியிருக்கும். அந்த மண்ணில் இட்லிப்பூச் செடி வைத்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் காரத்தால் வேர் அதை எடுக்க முடியாத நிலை அது. உரத்தை மேலும் மேலும் கொட்டினால் தீராது. மண்ணை மாற்ற வேண்டும்.

எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. மண் 'யூனிட்' கணக்கில் வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 400 சதுர அடியையும் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டினால் 400 கன அடி. நான்கு யூனிட் ரப்பீஸை வெளியேற்றி, நான்கு யூனிட் புது மண்ணைக் கொண்டுவர வேண்டும். கடப்பாரைக்காரர் சொன்ன யோசனை வேறு. செடி நிற்கப்போகும் பாத்திகள் மொத்தம் 150 சதுர அடிதான். அவற்றை மட்டும் தோண்டினால் ஒன்றரை யூனிட் போதும். தோண்டிய செங்கல் துண்டுகளையே நடைபாதைக்கு அடியில் போட்டு இடித்துவிடலாம். இரண்டரை யூனிட் மண்ணும், அதை ஏற்றி இறக்கும் கூலியும், குப்பை லாரி வாடகையும் அந்த ஒரு யோசனையில் மிச்சம்.

லோடு வந்து நிற்கும்போது டேப்பை எடுத்து வண்டியின் உட்பக்கத்தை அளப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி உயரம் மண் இருந்தால் ஒரு யூனிட் சரியாக இருக்கிறது. கொட்டும் முன் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்க்கவும் வேண்டும். கறுப்பாக, உருண்டையாக, கொட்டை போன்ற கிழங்குகள் கையில் அகப்பட்டால் அது கோரைக் கிழங்கு. ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் வருடக்கணக்கில் பிடுங்கினாலும் முளைத்துக்கொண்டே இருக்கும். அந்த லோடைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

பாத்திக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு மணல் அல்லது தென்னை நார்க்கழிவு என்ற கலவை பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு ஒத்துவரும். வேப்பம் பிண்ணாக்கைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். சாணம் பச்சையாக இருந்தால் சூடு ஏறி வேர் வெந்துவிடும். மக்கிய எருவில் நாற்றம் இருக்காது, கையில் பொலபொலவென்று உதிரும்.

குழியை அளந்து பார்க்கவும்

மாமரத்துக்கும் தென்னைக்கும் மூன்றடி நீள, அகல, ஆழக் குழி எடுப்பது வழக்கம். அது 27 கன அடி. அதே குழியை நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் ஒன்றரை அடியோடு நிறுத்தினால் மூன்றரைக் கன அடிகூட வராது. அளவு பாதியானால் வேலை எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. குழிக் கணக்கில் கூலி பேசியிருந்தால், மூடும் முன் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்துவிட வேண்டும். கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு ஒன்றரை முதல் இரண்டடிக் குழியே போதும் என்பதால், எல்லாவற்றுக்கும் பெரிய குழி வெட்டச் சொல்லிச் செலவைக் கூட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

ஒட்டு மா, ஒட்டு சப்போட்டா வைக்கும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு அழிந்து அடிமரம் வளரும். விரும்பி வாங்கிய ரகம் காய்க்காது.

புல்லா, செடியா?

புல்தரை வேண்டுமா என்பதைத் தண்ணீர்க் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கலாம். கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் ஐந்து லிட்டர் தண்ணீர் தேவை. 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். நாளுக்கு 185 லிட்டர், மாதத்துக்கு ஐயாயிரம் லிட்டருக்கு மேல். லாரித் தண்ணீர் வாங்கும் புறநகரில் இது கனமான செலவு. டீச்சரம்மா வாசலுக்கு எதிரே 60 சதுர அடியில் மட்டும் புல் வைத்துக்கொண்டார், அதுவும் அருகம்புல். நிழல் விழும் பக்கத்தில் புல்லே வேண்டாம் என்று முடிவாயிற்று.

மரம் வைப்பவர்கள் 2016 டிசம்பர் 12-ஐ மறக்கக் கூடாது. அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேகமாக வளரும் மயில்கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளமாக விழுந்தன. சீக்கிரம் நிழல் தரும் என்று நர்சரியில் சொல்லும் எந்த மரத்தையும் சுவரையொட்டி வைக்கக் கூடாது. வேலிக்காகப் பல ஊர்களில் நட்ட கோனோகார்பஸை நடவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025-இல் தடை விதித்திருக்கிறது. இன்னும் அதைப் பரிந்துரைக்கும் ஆளிடம் வேறு யோசனை கேட்பதில் பயனில்லை. சிறிய மனைக்குப் பவழமல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா, நந்தியாவட்டை, செம்பருத்தி போதும். இடம் தாராளமாக இருந்தால் புன்னையும் மகிழமும் வைக்கலாம்.

செடி வாங்க முதலில் போக வேண்டிய இடம் அரசு தோட்டக்கலைப் பண்ணை. சென்னைக்கு மாதவரம், புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலை, மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் கல்லாறு எனப் பல இடங்களில் பண்ணைகள் இருக்கின்றன. விலை குறைவு; ரகம் மாறிப்போகும் பயமும் குறைவு. சாலையோர நர்சரிகளுக்கு ஆந்திரத்தின் கடியத்திலிருந்து நிறையச் செடிகள் வருகின்றன. அப்படி வந்தவற்றை ஒரு வாரம் நிழலில் வைத்து ஊர் வெயிலுக்குப் பழக்கிய பிறகு நட வேண்டும்.

தாளில் எழுதுவது, பணம் கொடுப்பது

தெரிந்த ஆளாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. எத்தனை யூனிட் மண், எந்த எரு எத்தனை மூட்டை, என்ன செடி எவ்வளவு உயரத்தில் எத்தனை, குழி அளவு, ரப்பீஸை யார் அப்புறப்படுத்துவது, எத்தனை நாளில் முடிப்பது, நட்ட செடி எத்தனை மாதத்துக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவது என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். "அழகாகச் செய்து தரப்படும்" என்ற வரிக்கு அதில் இடமில்லை.

பணத்தை நான்கு தவணையாகக் கொடுக்கலாம். தொடங்கும்போது 30 சதவீதம், மண் வேலை முடிந்ததும் 30, நட்டு முடிந்ததும் 30, ஒரு மாதம் கழித்துச் செடிகள் வேர்பிடித்த பிறகு மீதி 10. பாதிக்கு மேல் முன்பணம் கேட்டால், பொருளை நானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் பதினைந்து எழுத்துகள் கொண்ட பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்க முடியாது. நர்சரியில் வாங்கும் உயிருள்ள செடிக்கு வரி கிடையாது.

பேரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அந்தப் பகுதியில் கட்டட வேலைக்குக் கொடுக்கும் நாள் கூலிதான் இங்கேயும் நியாயமான அளவுகோல். அதற்குக் கீழே அடித்துப் பேசினால் ஆள் வருவார், ஆனால் நல்ல கூலி கிடைக்கும் நாளில் வேறு வேலைக்குப் போய்விடுவார். நட்ட செடி தண்ணீரின்றிக் காயும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி உச்சிக்கு முன் நிறுத்துவது, குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், நடுவில் ஒரு டீ, முள்வேலைக்குக் கையுறை என்று இவற்றைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு ஆள் தேடி வருவார்.

எப்போது தொடங்குவது

பங்குனி, சித்திரையில் மண் வேலையையும் நடைபாதையையும் முடித்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் எதையும் நடக் கூடாது. மரக்கன்றும் செடியும் ஆடி, ஆவணியில் மண்ணுக்குள் போனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வேர் ஊன்றிவிடும். சென்னையில் வருட மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஐப்பசியில் புது மண் போட்டால் அது தெருவுக்குத்தான் போகும். மழைக்கு முன் கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து, தரை வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் தண்ணீர் ஒரு வாரம் தேங்கினாலே டெங்குக் கொசு உற்பத்தியாகிவிடும்.

நட்ட பிறகு

தோட்டம் போடும் செலவு ஒரு முறைதான். பராமரிப்பு மாதாமாதம் வரும். சிறிய தோட்டத்துக்கு மாதம் இரண்டு வருகை போதும். அந்த இரண்டு நாளில் களை, கவாத்து, உரம், பூச்சி ஆகியவற்றைப் பார்ப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். தினசரித் தண்ணீர் வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கு நேரமில்லாதவர்கள் சொட்டுநீர் அமைத்துக்கொள்ளலாம். மணிக்கு நான்கு லிட்டர் சொட்டும் முனை அரை மணியில் செடிக்கு இரண்டு லிட்டர் கொடுத்துவிடும்.

பூச்சிக்கு மருந்து அடிக்கிறேன் என்று தோட்டக்காரர் புட்டியை எடுத்தால் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் முதலில் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலை வேளையில் தெளித்துப் பார்க்கலாம்.

டீச்சரம்மாவின் பக்கவாட்டுப் பாத்தியில் இப்போது தூதுவளையும் கற்பூரவள்ளியும் படர்ந்திருக்கின்றன, எலுமிச்சை பூவெடுக்கிறது. கடப்பாரைக்காரர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வந்துபோகிறார்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தவர்கள் யாருக்கும் போன் செய்யும் முன் ஒரு வேலையைச் செய்யுங்கள். உங்கள் இடத்தில் மூன்று மூலைகளில் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். கிடைத்ததையும், வெயில் நேரத்தையும், தண்ணீர் நிலவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.